கதவின் பழைய நிறங்கள்

இருளாயி மூன்றாவது முறையும் அதையேதான் சொன்னாள்.

"இந்தத் தடைக்காலத்துலதான் டாக்டரம்மா. போட்டெல்லாம் கரையில நின்ன நேரம். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தான்."

டாக்டர் பிரகதீஸ்வரி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். ஜெகதாப்பட்டினத்தில் அந்த வீட்டுக்கு அவர் வந்தது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பத்தான். மனநோய் தொடங்கிய மாதம். அந்த மாதத்துக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே எத்தனை நாள் வீணாகிறது என்பதைத்தான் பத்தொன்பது வருடங்களாக ஆராய்கிறார். இந்தக் கடற்கரையில் அது சராசரியாகப் பதினொரு வாரம், வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கூட்டி வருவதில்லை என்று அவர் எழுதிய கட்டுரையைப் பல நாடுகளில் மேற்கோள் காட்டுகிறார்கள். பேராசிரியர் பதவி அதனால் வந்தது. இந்தத் திட்டம் இத்தனை வருடம் நீடிப்பதும் அதனால்தான்.

திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு வருடம் நர்ஸ் மருந்தோடு வீட்டுக்கே வருவார். நோய் தொடங்கி ஒரு வருடம் தாண்டியிருந்தால் சேர்க்க முடியாது. புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போக வேண்டியதுதான். இருளாயியின் மகன், இருபத்திரண்டு வயது விக்ரம், பஸ் ஏற மாட்டான். பஸ்ஸில் நம்பர் இருக்கிறது. நம்பரை வைத்து இலங்கை நேவிக்காரன் தன்னைக் கண்டுபிடித்துவிடுவான் என்று அவனுக்குள் கேட்கும் குரல்கள் சொல்கின்றன. இப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தான்.

டாக்டரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தார். பச்சைக் கதவில், வீட்டு எண் இருந்த இடம் மட்டும் சுரண்டிக் கிடந்தது. அவரை அறியாமல் விரல் அங்கே போனது. நகத்தால் கிள்ளினார். பச்சை உரிந்தது. கீழே நீலம். நீலத்திலும் அதே கீறல்கள், பச்சை பெயின்ட் இறங்கி உறைந்திருந்தது. இன்னும் கிள்ளினார். காவி. காவியிலும் கீறல்கள், நீலம் நிரம்பியபடி.

விக்ரமின் அப்பா ஆண்டிச்சாமி பின்னால் வந்து நின்றார்.

"இதுக்கு யாரு பெயின்ட் அடிக்கிறது?"

"நான்தாம்மா. தடைக்காலத்துல விசைப்படகுக்கு அடிக்கப் போவேன். மிஞ்சுனதக் கொண்டாந்து இதுல பூசிருவேன். வருசத்துக்கு ஒரு கலரு. என்னய்யா, வருசா வருசம் ஒங்க வீட்ல கல்யாணமானு தெருவுல கேப்பானுக." சிரிக்கப் போனவர், டாக்டரின் விரல் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து இருளாயி புருஷனை அதட்டினாள். "ஒன்னைய அங்கிட்டு யாரு போகச் சொன்னது?"

டாக்டர் திரும்பி வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். இருளாயி கதவுப் பக்கம் பார்த்தாள். ஐஸ் பிளான்ட்டில் கட்டி உடைக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சும்மா," என்றாள் இருளாயி. "முகாம் பந்தல்ல தட்டியில எழுதிப் போட்டிருந்துச்சே, ஒரு வருசத்துக்குள்ளனு. சேவுகன் வீட்ல, ராஜலட்சுமி வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாக. தடைக்காலம்னு சொல்லு, டாக்டரம்மா எழுதிக்கும்னாக."

"எப்பலேர்ந்து அப்படிச் சொல்றாங்க?"

"மொத மொத முகாம் போட்டீங்களே, அப்பலேர்ந்து."

அந்தத் தட்டியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது பிரகதீஸ்வரிதான். பலருடைய படிவங்களில் தடைக்காலம் என்றிருந்தது நினைவுக்கு வந்தது. கரையில் சும்மா இருக்கும் நாட்களில் வீட்டார் கவனிக்கிறார்கள் என்று கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி விளக்கமும் எழுதியிருந்தார்.

"அப்பவே கூட்டியாந்திருந்தா இந்நேரம் சரியாயிருப்பானாம்மா?"

அவருடைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அவர் படிவத்தைப் பார்த்தார். தடைக்காலம் தொடங்கிய ஏப்ரல் என்று எழுதினால் நர்ஸ் வருவார். அவருடைய பதினொரு வாரக் கணக்கும் தப்பிப் பிழைக்கும். உண்மையை எழுதினால் இரண்டும் இல்லை.

"நீங்களும் சொரண்டுனீங்களா?"

விக்ரம் திரும்பியிருந்தான். அவருடைய விரலைத்தான் பார்த்தான். நகக்கண்ணில் பச்சையும் நீலமும் ஒட்டியிருந்தன.

"ஆமா."

"நகம் பேந்துரும். ஆணியில சொரண்டணும்."

நகர்ந்து கிட்டே வந்தான். படிவத்தின் மூலையில் அச்சிட்டிருந்த வரிசை எண் அவன் கண்ணில் பட்டது. மூச்சு வேகமானது. சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்தான். "டேய்," என்று இருளாயி எழுந்தாள். டாக்டர் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

அவன் எண்ணைச் சுரண்டத் தொடங்கினான். தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. மாதம் எழுத வேண்டிய வெற்றுக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, அது நகராமல் அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.