நான்காவது வாக்கு

ஜூன் மாதக் கூட்டக் குறிப்பில் நான் எழுதிய ஒரு வரி பொய். பதினோரு ஆண்டுகளில் அந்த ஒரு வரிதான் என்று சொல்லிக்கொள்வதால் அதன் கனம் குறையாது என்பதை அறிவேன்.

ரேவன்ஸ்ராய்ட் நகராட்சியின் சமயக் கல்வி ஆலோசனைக் குழுவுக்கு நான் எழுத்தர். நகரின் பள்ளிகளில் மதங்களைப் பற்றி என்ன கற்பிக்கிறார்கள், காலை வழிபாட்டை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பவற்றைக் கவனிப்பது குழுவின் வேலை. ஆண்டுக்கு மூன்று முறை நகர மன்றத்தின் இரண்டாம் மாடியில் கூடுவோம். மேசையின் ஒரு பக்கம் இங்கிலாந்து திருச்சபையினர். ஒரு பக்கம் பிற சபையினரும் பிற மதத்தினரும். ஒரு பக்கம் ஆசிரியர்கள். ஒரு பக்கம் நகராட்சி உறுப்பினர்கள். ஒரு பக்கத்தில் ஐவர் இருந்தாலும் ஒருவரே இருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரே வாக்கு. ஏதேனும் ஒரு பக்கம் காலியாக இருந்தால் எந்த முடிவும் செல்லாது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான்.

அன்று திருச்சபைப் பக்கத்தில் லயனல் தோர்ப் பாதிரியார் மட்டுமே வந்திருந்தார். மற்ற இருவரும் வர இயலவில்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தனர். பாதிரியாருக்கு எழுபத்தெட்டு வயது; 'கேனன்' என்பது திருச்சபை அவருக்குத் தந்த பட்டம். ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு சிற்றூர்க் கோயிலில் பிரசங்கம் செய்துவந்தார். தமது பழைய நீல நிற மைக்ரா காரைத் தாமே ஓட்டி வருவார்.

லோம் தெரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை ருக்சானா மிர்சா அன்று ஒரு விண்ணப்பத்துடன் வந்திருந்தார். அரசுப் பள்ளிகளின் வழிபாடு பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையுடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய பள்ளியில் இருநூற்று நாற்பது பிள்ளைகள். அவர்களில் கிறிஸ்தவக் குடும்பத்தினர் ஒன்பது பேர். ஆகவே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அமரக்கூடிய வழிபாட்டை நடத்த ஐந்தாண்டு விலக்கு வேண்டும் என்று கேட்டார். பெற்றோரில் பலர் பிள்ளைகளை வழிபாட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டிருந்தனர். வகுப்பறைகளில் பாதிப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க, மண்டபத்தில் மீதிப் பேர் பாடிக்கொண்டிருந்தனர்.

அவர் திரையில் படங்களைக் காட்டத் தொடங்கியபோது விளக்குகளை அணைத்தோம். எல்லோரும் நாற்காலிகளைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டனர். அப்போது என் பக்கத்தில் இருந்த தொலைபேசி மெல்ல ஒலித்தது. கீழே வரவேற்பறையிலிருந்து பேசினார்கள். நீல நிற மைக்ரா ஒன்று குப்பை லாரியை மறித்துக்கொண்டு நிற்கிறதாம், ஓட்டுநர் கத்திக்கொண்டிருக்கிறாராம். நான் குனிந்து பாதிரியாரின் காதில் சொன்னேன்.

"அடக் கடவுளே, என் வண்டிதான்! அஞ்சே நிமிஷம்மா," என்று அவர் கிசுகிசுத்துவிட்டு, பூனைபோல் அடிவைத்து வெளியேறினார். வேறு எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம் பன்னிரண்டு நிமிடமாயிற்று. படங்கள் முடிந்தன. தலைவி ஃப்ரீடா ஹோல்ராய்ட் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நகராட்சி உறுப்பினர். எல்லோரையும் 'கண்ணு' என்றே அழைப்பவர்.

"ருக்சானாவுக்குப் பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம் இருக்காம், சீக்கிரம் அனுப்பிடுவோம். என்ன கண்ணுங்களா, நாலு பக்கமும் சம்மதம்தானே?"

வழக்கமாக ஒவ்வொரு பக்கத்தையும் பெயர் சொல்லிக் கேட்பார். அன்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். இருட்டுக்குள்ளிருந்து "ஆமா, ஆமா" என்று பல குரல்கள் எழுந்தன. மேசையின் ஒரு பக்கம் காலி என்பது எனக்குத் தெரியும். கையைத் தூக்க நினைத்தேன். மிர்சா அம்மையார் கைப்பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தார். இத்தனை பேருக்கு முன்னால் தலைவியைத் திருத்துவது மரியாதையாக இராது என்று தோன்றியது. பாதிரியார் எப்படியும் ஆம் என்றுதான் சொல்வார் என்றும் தோன்றியது. விளக்கைப் போட்டார்கள். பாதிரியார் திரும்பி வந்து அமர்ந்தபோது பாடநூல்களைப் பற்றிய பேச்சு தொடங்கி, எல்லோரும் தாள்களில் குனிந்திருந்தனர்.

கூட்டக் குறிப்புக்கு நகராட்சி ஒரு படிவம் வைத்திருக்கிறது. வாக்கு என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தின் சார்பில் பேசியவர் பெயரை எழுத வேண்டும். மூன்று கட்டங்களை நிரப்பினேன். நான்காவதை இரண்டு நாள் வெறுமையாக வைத்திருந்தேன். பிறகு, "கேனன் எல். தோர்ப்: சம்மதம்" என்று எழுதினேன்.

செப்டம்பரில் லோம் தெருவில் புதிய வழிபாடு தொடங்கியது. பிள்ளைகள் அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்தபோது, நான் செய்தது அவ்வளவு பெரிய பிழையல்ல என்று எண்ணினேன்.

நவம்பர்க் கூட்டத்தில் ஜூன் மாதக் குறிப்பை ஒப்புக்கொள்ளும் நேரம் வந்தது. வழக்கமாக அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. தோர்ப் பாதிரியார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை முகத்தருகே பிடித்தார்.

"ஃப்ரீடா, லோம் தெரு விஷயத்துல நான் சம்மதம்னு போட்டிருக்கு. எனக்கு ஞாபகமே இல்லையே."

"நல்லாத் தூங்கியிருப்பீங்க ஃபாதர்," என்றார் குர்மேல் சிங். சீக்கியர்களின் சார்பில் வருபவர். கூட்டத்தில் வேடிக்கை அவர் பொறுப்பு. "விளக்கை அணைச்சாலே உங்களுக்குப் பிரசங்கம் கேக்குற மாதிரி ஆயிடும்."

"அது உன் பேச்சைக் கேட்டா வர்ற தூக்கம்ப்பா."

எல்லோரும் சிரித்தனர். பாதிரியாரும் சிரித்தார். ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை.

"இல்ல, நான் ஒரு கேள்வி கேக்கணும்னு எழுதிக்கூட வச்சிருந்தேன். அந்த ஒன்பது பிள்ளைங்களுக்கு ஈஸ்டர் சமயத்துல தனியா ஏதாவது உண்டான்னு. அதைக் கேக்காம சரின்னு சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருக்கீங்களே ஃபாதர். நீங்க ரொம்ப நல்லவர், அதான்," என்றார் ஃப்ரீடா. "இஞ்சிக் கேக் எடுத்துக்குங்க. பெர்னிஸ், ஃபாதர் பக்கம் தட்டைத் தள்ளு கண்ணு."

என் வாய் திறந்ததாகவே நினைவு. பாதிரியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. உதவி கேட்கும் ஒரு சிறு புன்னகைதான் இருந்தது.

"பெர்னிஸ் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

குர்மேல் மறுபடி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். கேக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். ஃப்ரீடா குறிப்பில் கையெழுத்திட்டார்.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது பாதிரியார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. செஞ்சதைச் செய்யலேம்பான். கடைசில என்னையே யாருன்னு கேட்டான்," என்றார். "டாக்டரைப் பாத்துடணும்." கீழ்ப்படி வரையில் இன்னும் பதினான்கு படிகள் இருந்தன. நான் பதினான்கு படிகளையும் அவருடன் இறங்கி, பத்திரமாக வீட்டுக்குப் போகும்படி கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. உடல்நலத்தை முன்னிட்டுக் குழுவிலிருந்து விலகுவதாகவும், இத்தனை ஆண்டுகள் செய்த உதவிக்கு எனக்கு நன்றி சொல்வதாகவும் எழுதியிருந்தார். ஃப்ரீடா தொலைபேசியில் மற்றதைச் சொன்னார். பாதிரியார் பிரசங்கம் செய்வதையும் நிறுத்திவிட்டாராம். வண்டியைத் தங்கை மகள் மார்கரெட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். "பாவம், நவம்பர்லயே நமக்குத் தெரிஞ்சுதே கண்ணு. ஒரு பூங்கொத்து அனுப்பிடு, குழு சார்பில."

அந்தப் பூங்கொத்தை நான் அனுப்பவில்லை. சனிக்கிழமை பேருந்தில் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் கம்பளிச் சட்டையுடன் கதவைத் திறந்தார். சமையலறையில் உட்காரச் சொல்லித் தேநீர் போட்டார். குளிர்பெட்டியின் கதவில் சிறு தாள்கள் ஒட்டியிருந்தன: 'அடுப்பு', 'சாவி', 'செவ்வாய் – மார்கரெட் வருவாள்'. அவற்றைப் பார்த்த பிறகு தேநீரைக் குடிக்க முடியவில்லை.

"ஃபாதர், ஜூன் கூட்டத்துல ஓட்டு எடுத்தப்ப நீங்க அறையிலயே இல்ல," என்றேன். எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

அவர் புரியாமல் பார்த்தார். நான் முழுவதையும் சொன்னேன்: தொலைபேசி, மைக்ரா, இருட்டு, காலி நாற்காலி, நான்காவது கட்டம். அவர் மேசையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"குப்பை லாரி," என்றார் மெதுவாக. "ஆமா. சிவப்புத் தொப்பி போட்டிருந்தான். என்னை 'ஏய் கிழவா'ன்னான். நான் வண்டியைப் பின்னால எடுக்கும்போது தூண்ல இடிச்சுட்டேன். அதான் நேரமாச்சு. எல்லாம் ஞாபகம் இருக்கே."

"இருக்கும் ஃபாதர். உங்க ஞாபகத்துல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னோடது."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி மெல்ல மறைவதைக் கண்டேன்.

"அப்ப டாக்டர்கிட்ட நான் தப்பாச் சொன்னது? ஒரு பேரு, விலாசம் சொல்லி, பத்து நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாங்க. விலாசம் வரலை. கடிகாரம் வரையச் சொன்னாங்க, கை நடுங்கிச்சு. ஸ்கேனுக்கு நாள் குறிச்சிருக்காங்க." என்னை நேராகப் பார்த்தார். "அது பயத்துல வந்ததா, நிஜமாவே வந்ததா? சொல்லுங்க பெர்னிஸ்."

யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதமாக அந்த மனிதர் தம் மனத்தையே உளவு பார்த்திருக்கிறார்; அந்த மூன்று மாதத்தில் எது என்னால் வந்தது, எது வயதால் வந்தது என்று பிரித்துக் காட்ட ஒரு வழியும் இல்லை. "மன்னிச்சுக்கோங்க" என்று பலமுறை சொன்னேன். அவர் என் கோப்பையை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு தேநீர் ஊற்றினார்.

"நான் குழுகிட்ட சொல்றேன்," என்றேன். "ஆனா அந்த முடிவு செல்லாதுன்னு ஆயிடும். மிர்சா அம்மா பள்ளிக்கூடம் பழைய வழிபாட்டுக்குத் திரும்பணும். நீங்க வேண்டாம்னா..."

"பொறுப்பை என் தலையில வைக்காதீங்கம்மா," என்றார். குரல் உயரவில்லை. "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து விளக்கே போடல."

நான் கைப்பேசியை எடுத்து அங்கேயே ஃப்ரீடாவை அழைத்தேன். பாதிரியாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அதுக்கென்ன கண்ணு," என்றார் ஃப்ரீடா. "அவர் இருந்தாலும் சரின்னுதானே சொல்லியிருப்பார்? விடு. பிள்ளைங்க சந்தோஷமா இருக்காங்க. நீ ரொம்ப மனசுல போட்டுக்கிறே. ஃபாதருக்கு ஒரு பூங்கொத்து..."

"அந்த ஓட்டு செல்லாதுங்க. குறிப்பைத் திருத்தணும். நான் பொய்யா எழுதினேன்னே அதுல இருக்கணும்."

"இப்ப போய் இதை ஏன் கிளறுறே? பாவம், அவருக்கே எது நடந்துச்சு, எது நடக்கலைன்னு தெரியாது."

தோர்ப் பாதிரியார் கை நீட்டினார். கைப்பேசியைக் கொடுத்தேன்.

"நான் இங்கதான் இருக்கேன் ஃப்ரீடா," என்றார். "அன்னைக்குத்தான் இல்லை."

மார்ச்சில் சிறப்புக் கூட்டம் நடந்தது. பாதிரியார் விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தங்கை மகளின் காரில் வந்தார். நான் எழுந்து நின்று திருத்தத்தை வாசித்தேன். குர்மேல் சிங் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்துபோய்ப் பாதிரியாரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ மெதுவாகச் சொன்னார். ஃப்ரீடா என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். இம்முறை ஒவ்வொரு பக்கத்தையும் பெயர் சொல்லிக் கேட்டார். பாதிரியார் தம் கேள்வியைக் கேட்டார். ஈஸ்டர் வாரத்தில் அந்த ஒன்பது பிள்ளைகளும் பக்கத்துத் தேவாலயத்துக்குப் போய்வர ஏற்பாடு செய்வதாக மிர்சா அம்மையார் ஒப்புக்கொண்டார். "சம்மதம்," என்றார் பாதிரியார். நான் எழுதினேன்.

அதற்குள் லோம் தெருப் பள்ளியில் மூன்று வாரங்கள் பழைய வழிபாடு நடந்திருந்தது. நாற்பது குடும்பங்கள் பிள்ளைகளை வழிபாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளும் கடிதத்தை மீண்டும் கொடுத்திருந்தன. அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெறப்போவதில்லை என்று பெற்றோர் சொல்லிவிட்டார்களாம். பாதிரியாரின் ஸ்கேன் அடுத்த வாரம்.

மிர்சா அம்மையார் போகும்போது என் மேசையருகே நின்றார். நான் மறுபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கைகாட்டி நிறுத்தினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காத்திருந்திருப்பேனே," என்றார். "பத்து நிமிஷம்தானே."

கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். நான் விளக்குகளை அணைக்காமல், எல்லோரும் போகும் வரையில் அங்கேயே அமர்ந்திருந்தேன்.