எட்டுப் பேர் படுத்த அறை

நாகேந்திரத்தாரிடம் இங்கிலாந்தைப் பற்றிக் கேட்டால் லண்டனைச் சொல்லமாட்டார். வடக்கே, மகள் ரூபிகாவின் வீட்டுக்குக் கிட்ட, பழைய ரோமர்களின் எல்லைக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. அதைத்தான் சொல்வார். அதிலும் படையாட்களின் கக்கூசில்தான் கதையைத் தொடங்குவார். "வரிசையா இருந்து கதைச்சுக்கொண்டே போயிருக்கிறாங்கள். நடுவில ஒரு மறைப்பில்லை!" கொழும்பு வெள்ளவத்தை மார்க்கெட்டில் இதைக் கேட்காத மீன்காரன் கிடையாது.

மனைவி கௌரி செத்துப்போன பிறகு, போன வருசம்தான் மகள் அவரைக் கூப்பிட்டாள். அவளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் மனுசன் வீட்டில் என்ன செய்வார்? ஒருநாள் காலை கோட்டை வாசலில் இறக்கி, டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வருசத்துக்குச் செல்லும் அட்டை. அதன்பிறகு தினமும் தேத்தண்ணிப் போத்தலோடு போய், படையாட்கள் தங்கிய அறையின் சுவரில் உட்கார்ந்திருந்தார். சுவரென்றால் முழங்கால் உயரம்தான் மிச்சம். அந்தச் சின்ன அறையில் எட்டுப் பேர் படுத்தார்களாம், பலகையில் எழுதியிருந்தது. அவருக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளவத்தை ஃபிளாட்டில் மூன்று அறை. இரண்டு பூட்டியே கிடக்கின்றன.

ஒரு வருசத்து அட்டை எடுத்துத் தந்தவள் அது முடிவதற்குள் மறுபடி கூப்பிடாமலா விடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய்த் தடித்த ஜக்கெட் ஒன்றும் வாங்கியாயிற்று. இந்த வெக்கையில் அதைப் போட்டுப் பார்த்து வேர்த்துக் கொட்டினாரே, அது வேறு கதை. ஜூன் பிறந்தும் மகள் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் அவரே கேட்டார்.

"பிள்ளை, அந்தக் கார்ட் அடுத்த மாசம் முடியுது. விசாவுக்குப் போடட்டே?"

"எந்தக் கார்ட் அப்பா?"

அட்டையைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். ரூபிகா சிரித்துவிட்டாள்.

"ஐயோ அப்பா, அங்க எல்லாருக்கும் அதுதான் டிக்கெட். ஒருநாள் போனாலும் அதைத்தான் தருவினம்." பிறகு சிரிப்பு நின்றது. "இந்த முறை வேண்டாமே அப்பா. இவரின்ர அம்மாவும் அப்பாவும் வருகினம். இத்தனை பேருக்கு ரூம் காணாது."

"ஓம், ஓம். எனக்கென்ன, பாத்த கோட்டைதானே."

சாப்பிட்டாரா, மருந்து போட்டாரா என்று கேட்டுவிட்டு அவள் வைத்தாள். பார்க்க யார் இருக்கிறார்கள், தாராளமாகவே அழுதார். கடற்கரைப் பக்கம் பாணந்துறை ரயில் இரைந்துகொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கியதும், இருண்டுபோன போனைப் பார்த்துச் சொன்னார்:

"எட்டுப் பேர் படுத்தவங்கள், பிள்ளை."