கைர் வென் குன்றின் கேட்

கைர் வென் குன்றுக்குப் போகலாமா என்று என் கணவர் கெதின் கேட்டபோது மழையைச் சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வேல்ஸில் மழைக்குப் பயந்தால் ஒரு வேலையும் நடக்காது. திங்கட்கிழமை அவரை முதியோர் இல்லத்தில் விடப்போகிறோம், அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அடுப்பை அணைக்க மறக்கிறார், எப்போதோ விற்றுவிட்ட ஆடுகளைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். என்னால் ஆகவில்லை. மகள் லோவ்ரி எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டு, பக்குவமாகச் சொல்லும் வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாள். சரி, மேலே வைத்துச் சொல்லிவிடுவோம் என்று கிளம்பினேன்.

இப்போதெல்லாம் கார் ஓட்டுவது நான்தான். பண்ணை இருந்த காலத்தில் மனுஷன் ஸ்டீயரிங்கை விடவே மாட்டார். எங்கள் ஊரில் ஆடு வெளியே போகாதபடி வழியெல்லாம் கேட்; பக்கத்து சீட்டுக்காரர்தான் இறங்கிக் கேட்டைத் திறக்கணும், வண்டி போனதும் மூடிவிட்டு ஏறணும். கல்யாணமானதிலிருந்து சேற்றில் இறங்கி ஏறியது நான். இன்று குன்றடிக் கேட்டில் அவர் இறங்கியதைப் பார்க்கக் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது.

கேட்டுக்கு உள்ளே வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறினோம், ஈரக்காற்று. ஈராயிரம் வருஷத்துக்கு முன் ஜனங்கள் குடியிருந்த மலைக்கோட்டையின் மதில் இடுப்பளவுக்குச் சரிந்து கிடந்தது. உள்ளே வட்ட வட்டமாக வீட்டுச் சுவர்களின் அடிக்கற்கள், நடுவில் ஆட்டுப் புழுக்கை. கெதின் கல்லைத் தாண்டாமல், சுற்றிப்போய் வாசல் இருந்த இடைவெளி வழியாகவே ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். உட்கார்ந்து தேநீர் குடித்தோம். பழ ரொட்டியில் வெண்ணெய் போதவில்லை என்று முணுமுணுத்தார்.

பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு ரூம்தான். வயசானவங்களை எங்க படுக்க வெச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்றேன். சொல்லவேண்டியது தொண்டைவரை வந்தது. பாவி, ரொட்டியோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. காருக்கு இறங்கி வந்தோம். கேட்டில் அவர் இறங்கித் திறந்தார், நான் ஓட்டி வெளியே வந்து நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால், கேட்டை மூடிச் சங்கிலியும் மாட்டிவிட்டு, குன்றுப் பக்கமே நிற்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட் மூடிப் பழக்கமில்லாத ஆள்தானே. தலையை வெளியே நீட்டி, "யோவ், இந்தப் பக்கம் வந்துட்டு மூடணும்யா. இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் பண்ணை பார்த்தியா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"தெரியும் மெரெரிட். நீயும் லோவ்ரியும் போன்ல பேசினது கேட்டுச்சு. திங்கக்கிழமைதானே? அது மட்டும் மறக்க மாட்டேங்குது. நீ போ, நான் இங்கயே இருந்துக்கிறேன்."

வண்டியை அணைத்து, சாவியோடு இறங்கி ஓடினேன். சங்கிலியைக் கழற்றி, "வாய்யா, நனையாத," என்று கையைப் பிடித்து இழுத்தேன். மறுக்காமல் வந்தார். நான் கேட்டை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் காரில் ஏறிவிட்டிருந்தார். டிரைவர் சீட்டில்.

நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குத்தானே?" என்றார்.

சாவி என் கையில்தான் இருந்தது.