சமையலறைத் தரையில் பதின்மூன்று பெடல்கள்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. நான் அச்சில் போடாமல் விட்ட விளம்பரம் அது. நான்கே வரி:

இலவசம்.
இரண்டடுக்கு வீட்டு ஆர்கன், பதின்மூன்று பெடல், நல்ல நிலையில்.
இருக்குமிடம் பெங்குவின்.
தூக்குவதற்கு மூன்று பேராவது வேண்டும்.

பெங்குவின் என்றது பறவையை அல்ல, பக்கத்து ஊரை. எங்கள் ஆர்கன் சங்கத்தின் மாத மடலைப் பதினான்கு வருடமாக நான்தான் தயாரிக்கிறேன். இந்த நான்கு வரியையும் தட்டச்சு செய்தேன், ஒருமுறை படித்துப் பார்த்தேன், அழித்தேன். அந்த இடத்தில் எலுமிச்சை கேக் செய்முறை ஒன்று போனது.

தமிழில் எழுதுகிறேனே, மொழிப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரான அல்வர்ஸ்டனில் சங்க உறுப்பினர் இருபத்திரண்டு பேரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. முக்கியமாகக் கோரலிக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: 'கோரலி பின்னிக்கு எழுபத்து மூன்று வயதிலும் பேராசை விடவில்லை. எங்கே எது கிடைத்தாலும்—'

அடித்துவிட்டேன். அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கினால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன் என்ற கணக்கு. பேராசைக்கு ஒரு உதாரணம் தேடி அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: 'மனிதனுக்கு ஏன் இரண்டு கைகள் என்ற கேள்விக்கு—'

இது யாரோ மேடையில் பேசுவதுபோல இருக்கிறது. வேண்டாம்.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். கோரலியிடம் ஒரு இரண்டடுக்கு ஆர்கன் இருந்தது. ஒன்பது வருடம் முன்பு அதன் உள்ளே ஏதோ ஒரு சர்க்யூட் பலகை எரிந்துபோனது. லான்செஸ்டனிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு இனி உலகத்தில் எங்கேயும் உதிரிபாகம் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். ஆர்கன் குப்பைமேட்டுக்குப் போனது. அன்றிலிருந்து மடலின் 'தேவை' பட்டியலில் முதல் பெயர் கோரலி. 'இரண்டடுக்கு, எவ்வளவு பழசானாலும் சரி.' இரண்டாவது பெயர் என்னுடையது. யார் முதலில் கேட்டாரோ அவருக்கே முதல் அழைப்பு என்பது சங்கத்தில் எழுதிவைத்த விதி. அந்தப் பட்டியலை வைத்திருப்பவன் நான்.

[ஒன்று வாங்கிக்கொண்டால் போச்சு என்பீர்கள். புதிதாகச் செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், எல்லாம் கடல்தாண்டி, விலை ஒரு காருக்குச் சமம். பழையது எங்கோ யாரோ இறந்தால் வரும். பிள்ளைகளுக்கு அறை காலியாக வேண்டும். மூன்று நாள் விளம்பரம், பிறகு குப்பைமேடு. பிரிஸ்பேனில் கிடைக்கும், பெர்த்தில் கிடைக்கும். இந்தத் தீவில், இரண்டு பேர் ஏங்கிக்கொண்டிருக்கும் இந்தக் கடற்கரையில் மட்டும் வராது.]

[அப்படி என்ன இருக்கிறது அதில் என்றும் கேட்பீர்கள். ஒற்றைக் கீபோர்டில் இரண்டு கைகளும் நடுவில் இடித்துக்கொள்ளும், ஒன்று வந்தால் மற்றது விலக வேண்டும். இரண்டடுக்கில் மேலே வலது கை புல்லாங்குழலாக ஒரு சுரத்தில் நிற்கும்போது, அதே சுரத்தில் கீழே இடது கை வயலின் கூட்டமாக நிற்கலாம். யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. அடியில் இடது கால் பெடல்களின்மேல் தனியாக நடந்துகொண்டிருக்கும். ஒருமுறை அப்படி வாசித்தவர்களுக்கு ஒற்றை வரிசை பிறகு என்றைக்கும் போதாது.]

3

மார்ச் மாதம் ட்ரெவர் என்பவர் பெங்குவினிலிருந்து கூப்பிட்டார்.

"ஆர்கன் சங்கத்து ஆளு நீங்கதான? எங்கம்மாவோடது ஒண்ணு கெடக்கு. வெள்ளிக்கிழமை வீடு கைமாறுது. அதுக்குள்ள தூக்கலன்னா குப்பைமேடுதான், சொல்லிட்டேன்."

"சத்தம் வருதா?"

"எல்லா வெளக்கும் எரியுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நான் கோரலிக்குப் போன் செய்திருக்க வேண்டும். டிரெய்லர் வாடகைக்குப் போன் செய்தேன். கோரலி இருப்பது சின்ன யூனிட் வீடு, வாசல் குறுகல், உள்ளே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசலை அளந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அது என் முன்னறையில் இருந்தது. இரண்டு கைகளையும் ஒரே சுரத்தில், மேலும் கீழுமாக வைத்தேன். அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதை மறைக்கப்போவதில்லை.

4

சங்கம் செவ்வாய் மதியங்களில் கூடும். மண்டபத்தில் ஒரே ஒரு பெரிய ஆர்கன், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், முட்டை வேகவைக்கும் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். எனக்கு மட்டும் இருபது. கோரலி தன் பதினைந்தில் ஐந்தை முதல் வருடமே எனக்குக் கொடுத்துவிட்டார், என் கால் மெதுவாகக் கற்கிறது என்பதற்காக. அதை அவரும் திரும்பக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய். வாசித்து எழுந்தேன். (கோரலி பேசுவதைத் தமிழாக்கும்போது அவர் வாயில் 'நீ' வைத்திருக்கிறேன், என் வாயில் 'நீங்க'. தப்பு செய்தவன் மரியாதையாகப் பேசுவது வழக்கம்தானே.)

"டானி, நீ இன்னிக்குக் கீழ குனிஞ்சே பாக்கலியே."

"அப்படியா சொல்றீங்க?"

"பதினாலு வருஷமா கோழி புழு தேடற மாதிரி பெடலப் பாத்துட்டிருப்ப. இன்னிக்குக் காலு தானாப் போவுது. வீட்ல என்ன பண்ற?"

[இந்த இடத்தில் தணிகாசலம் என்கிற டானி உண்மையைச் சொல்வதாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவன் நன்றாகப் பேசினான். நம்பும்படியாக இல்லை.]

"தரையில டேப் ஒட்டி வச்சிருக்கேன், பெடல் மாதிரி. அதுல கால் பழகறேன்."

"அடப்பாவி, கில்லாடிதான் நீ. எனக்கும் ஒட்டிக் கொடேன்."

5

ஒட்டிக் கொடுத்தேன்.

காலையில் என் முன்னறையில் மண்டியிட்டு ஒவ்வொரு பெடலாக அளந்து காகிதத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு அவருடைய சமையலறை மேசைக்கு அடியில் மஞ்சள் டேப்பில் எட்டு, கறுப்பு டேப்பில் ஐந்து. போகிற போக்கில் வாசலையும் அளந்தேன். தாராளமாக உள்ளே போயிருக்கும். நான்கு விரல் இடம் மிச்சம்.

கோரலி ஒற்றைக் கீபோர்டை மேசைமேல் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசித்தார். இடது கால் டேப்பின்மேல் நடந்தது. தரை சத்தம் போடாது அல்லவா, பெடல் சுரத்தை அவரே வாயால் முனகிக்கொண்டார். ஒரு தடவைகூடக் குனியவில்லை. நான் அவர் சுட்டுவைத்த பூசணி ஸ்கோன் பன்னில் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

வாசித்து முடித்தும் காலை எடுக்கவில்லை.

"மண்டபத்துல இருக்கறது நீளப் பெடல். இது குட்டையா இருக்கே."

"ம்."

"என்னோட பழசு மாதிரியே இருக்கு, டானி. வீட்டு ஆர்கன் அளவு. எங்க எடுத்த?"

6

முடிவு ஒன்று: மறுநாளே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஆர்கனை அவர் வீட்டில் இறக்குகிறேன். என் கம்பளத்தில் நான்கு கால் தடம் மட்டும் மிஞ்சுகிறது. இதைச் சுலபமாக எழுதிவிட்டேன். காகிதத்தில் கொடுப்பதற்கு டிரெய்லர் தேவையில்லை.

முடிவு இரண்டு: அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் நானே சொல்லட்டும் என்று—

தெரியாது. அவருக்குத் தெரியுமா என்பது இதை எழுதும் எனக்கே தெரியாது.

நடந்தது இதுதான்.

"ஞாபகத்துலேர்ந்து ஒட்டினேன்," என்றேன்.

"நல்ல ஞாபகம்ப்பா ஒனக்கு." கால்விரலால் ஒரு மஞ்சள் பட்டையைத் தடவினார். "பட்டியல்ல என் பேரு இன்னும் முதல்லதான இருக்கு?"

"முதல்லதான் இருக்கு."

மே மடல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த நான்கு வரியை மறுபடி தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பெங்குவினை அடித்து அல்வர்ஸ்டன் என்று போட்டாயிற்று. அடியில் சேர்த்த என் தொலைபேசி எண்ணில் கடைசி இலக்கம் பாக்கி. போடுவேனா என்று என்னைக் கேட்காதீர்கள், எழுதி எழுதிப் பார்த்தும் இந்தக் கதாபாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை.

நீங்கள் படித்துவிட்டீர்கள். உங்களில் யாருக்காவது ஆங்கிலம் வரும், யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டலாம். செய்வதென்றால் செய்யுங்கள், தடுக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு அவர் தன் நேரத்திலிருந்து எனக்கு ஐந்து நிமிடம் தருவார்.