பிலோமினாவின் மூன்றாம் ஓலை

மயிலாப்பூரில், கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம் இருந்த சின்னக் கோயிலில் பிலோமினாவுக்கும் சவரிராயனுக்கும் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தார்கள். முதல் ஞாயிறு முணுமுணுப்பு எழுந்தது. இரண்டாம் ஞாயிறு அது வாய்விட்ட பேச்சாகியது. மூன்றாம் ஞாயிறு பங்குச் சாமியார், “தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவீர்கள்” என்று முடிப்பதற்குள் கோயில் தர்மகர்த்தா மிக்கேல் பிள்ளை எழுந்து நின்றார்.

“பொண்ணு நாடகக்காரி, சாமி. தினம் ஒருத்தனுக்குப் பெண்சாதியா மேடையில நிக்கிறவ. இந்தப் பீடக் கிராதி முன்னால அவளுக்கு எப்படி மாலை போடறது?”

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமினா தலையைக் குனியவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தையே பார்த்தபடி இருந்தாள்.

1932-ஆம் வருஷம் அது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. அப்பா, அம்மா இருவரும் விஷ ஜுரத்தில் போன பிறகு, பதினாறு வயதில் வடிவேலுவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவள். பேசும் படம் வந்ததிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக் கொட்டகையில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. சில மாதங்களுக்கு முன் வடிவேலு ஒரு யோசனை சொன்னார்: “ராணி வேஷம் கட்டறவளுக்கு பிலோமினான்னு பேரு இருந்தா எவன் வருவான்? மோகனாம்பாள்னு நோட்டீஸ் போடலாம்மா.”

“ஞானஸ்நானத்துல வெச்ச பேரு அண்ணே. அதை மறைச்சிட்டு நான் மேடை ஏற மாட்டேன்.”

சொன்னதோடு நிற்காமல், நோட்டீஸ் அடிக்கும் அச்சுக்கூடத்துக்கே நேரில் போய்விட்டாள். அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன்தான் சவரிராயன். மோகனாம்பாளைக் கலைத்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய எழுத்தில் பிலோமினா என்று கோத்தான். “போதுமா?” என்று கேட்டான். அவள் சிரித்தாள். அடுத்த வாரம் நோட்டீஸ் வாங்கிவர அவளே போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

அந்த மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மிக்கேல் பிள்ளையும் கூடவே வந்து, எழுதி வைத்திருந்த ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். இத்தனை நாள் பாவத் தொழில் செய்ததற்காக மனஸ்தாபப்படுகிறேன், இனி மேடை ஏற மாட்டேன் என்று அதில் இருந்தது.

பிலோமினா அதை முழுக்கப் படித்தாள். “என் பாவத்தையெல்லாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில சொல்லிக்கினுதான் இருக்கேன், சாமி. உங்களுக்கே தெரியும். நடிக்கிறதை மட்டும் பாவம்னு சொன்னதில்ல. சொன்னா அது பொய். பொய் பாவமாச்சே.”

சாமியார் தாளை வாங்கி மேஜைமேல் வைத்தார். வெளியே வந்ததும் சவரிராயன் தாழ்ந்த குரலில் சொன்னான்: “ஒரு கையெழுத்துதானே பிலோமி? போட்டுட்டா இன்னா? கல்யாணத்துக்கு அப்புறம் யார் கேக்கப் போறாங்க?”

“நீங்களுமா?” என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையோடு அவன் ஆறு நாள் அல்லாடினான். அவள் நடித்து அவன் பார்த்ததே இல்லை. நாடகக் கொட்டகைக்குள் கால் வைக்காத குடும்பம் அவனுடையது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும், கை மையைக்கூடக் கழுவாமல் சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்தான்.

ஓரத்தில் உட்கார்ந்ததால் திரைக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்தது. ராணி உடையில் பிலோமினா கண்ணை மூடி நின்றாள். ஆர்மோனியக்காரர் ஹபீபுர் ரஹ்மான் கட்டைமேல் விரலை வைத்தபடி காத்திருந்தார். அவள் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை வரைந்து முடித்த பிறகுதான் சுருதி எழுந்தது.

அறுபது பேர்கூட இல்லை. அவளோ ஆறாயிரம் பேருக்கு நடிப்பதுபோல் நடித்தாள். பிள்ளையைப் போருக்கு அனுப்பும் கட்டத்தில் அழவில்லை. மகனுடைய தலைப்பாகையை நேராக்கிவிட்டு, “போய் வா” என்று மட்டும் சொன்னாள். முன்னால் உட்கார்ந்திருந்த மீன்கூடைக்காரி ஒருத்தி வாய்விட்டு அழுதாள். சவரிராயன் மை படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்தான். இதற்காகவா மன்னிப்புக் கேட்கச் சொன்னேன் என்று கூசிப்போனான்.

மறுநாள் பூசை முடிந்ததும் நேரே சாமியார் அறைக்குப் போனான். மிக்கேல் பிள்ளை அங்கேதான் இருந்தார்.

“சாமி, அவ கையெழுத்துப் போட மாட்டா. போடச் சொன்னது என் தப்பு. நேத்து நாடகம் பார்த்தேன். அவ செய்யறது நேர்மையான தொழில். நாடகக்காரியைத்தான் நான் கட்டிக்கப் போறேன். தடை உண்டா இல்லையா, சொல்லுங்க.”

“பையன் கெட்டுட்டான்” என்றார் பிள்ளை.

சாமியார் மேஜைமேல் கிடந்த அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். “தடை இல்லை. திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை எங்கேயும் இல்லை. போன ஞாயிறே எனக்குத் தெரியும். ஊர்ப்பேச்சுக்குப் பயந்துவிட்டேன், பிள்ளை.” தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

“அப்போ என் கையில இருக்கற பாட்டுக்குழு கல்யாணத்துக்கு வராது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார் பிள்ளை.

பிலோமினா குடியிருந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றான் சவரிராயன். நடந்ததைச் சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“நாடகம் எப்படி இருந்துச்சு?”

“அழுதுட்டேன்.”

“அது போதும், வாங்க” என்றாள்.

கல்யாணத்தன்று ஊரே வந்திருந்தது, வேடிக்கை பார்க்க. வடிவேலுவும் ஹபீபுர் ரஹ்மானும் வாசலோரம் கைகட்டி நின்றார்கள். பாட்டுக்குழுவின் இடம் வெறுமையாக இருந்தது. மந்திரித்த தாலியைச் சவரிராயன் கட்டி முடித்தான். தேவமாதா பாட்டு எழ வேண்டிய நேரம். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை ரசிப்பதுபோல் மிக்கேல் பிள்ளை மோவாயைத் தடவினார்.

பிலோமினா சாமியாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவளே பாடத் தொடங்கினாள். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பன்னிரண்டு வருஷம் பழகிய குரல் அது. வரிவரியாக அது கூரைவரை எழுந்து, கதவைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தெருவில் போன ஜட்கா ஒன்று நின்றது. இரண்டாம் அடியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் சேர்ந்துகொண்டது. மிக்கேல் பிள்ளையின் மனைவிதான். பிள்ளை திரும்பி முறைத்தார்; அந்த அம்மாள் நிறுத்தவில்லை. மூன்றாம் அடிக்குக் கோயில் முழுவதும் பாடியது. பிள்ளை மட்டும் பாடாமல் நின்றார். வெளியே போகவும் அவருக்குக் கால் வரவில்லை.

அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு நாடகம் இருந்தது. தள்ளிவைக்கலாம் என்று வடிவேலு சொல்லியும் பிலோமினா கேட்கவில்லை. புது வேட்டியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தான் சவரிராயன். கோயில் பாட்டுச் செய்தி மயிலாப்பூர் முழுக்கப் பரவியிருந்தது போலும். கொட்டகை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

திரை உயர்ந்தது. ராணி வந்து நின்றதும், பக்கத்தில் இருந்த ஆள் இவன் தோளைத் தட்டினான். “யாருப்பா அந்தப் பொம்பளை? இன்னாமா நிக்குது பாரு!”

“என் பெண்சாதி” என்றான் சவரிராயன், பின்வரிசைக்கும் கேட்கும்படி.