கையுறைக்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து

அமெரிக்காவில், டுலூத் நகரில் கோரின் நடத்தும் ரெக்கார்டு கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த ரெக்கார்டு ஒன்றை மூலையில் இருக்கும் பிளேயரில் எப்போதும் போட்டு வைத்திருப்பாள். யார் வேண்டுமானாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கலாம், காசு கிடையாது. ஆனால் கேட்டவர் ஒரு சீட்டில் பென்சிலால் இரண்டு வரி எழுதிப் பலகையில் குத்திவிட்டுத்தான் போகவேண்டும். புகழ்ந்து எழுது, திட்டி எழுது, அது உன் இஷ்டம். எழுதாமல் நழுவப் பார்த்தால் கோரின் பென்சிலோடு வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு வருவாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மார்னி கோஸ்கி அந்தப் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே சீட்டுகளை எண்ணினாள். தயக்கம் இருக்காதா பின்னே? 'ஈரக் கையுறைகள்' என்ற அவர்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பம் கடைக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. ஓவன் கிட்டார், டெல் டிரம்ஸ், மார்னி பாட்டு. எட்டுப் பாட்டு, முந்நூறு ரெக்கார்டு. ஒரு மாதம் போகட்டும், அப்புறம் இணையத்தில் போடலாம், முதலில் ஊர்க்காரர்கள் கையில் எடுத்துக் கேட்கட்டும் என்று மூன்று பேரும் ஒரே பிடிவாதமாக இருந்தார்கள். இதுவரை மேடை ஏறியதும் இல்லை, மார்னிக்குப் பயம். அதனால் அவள் பாடி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. இந்தச் சீட்டுகள்தான் முதல் தீர்ப்பு.

முதல் சீட்டைப் படித்தாள். 'பனி அள்ளிவிட்டு வீட்டுக்குள் வந்து, ஒன்றும் பேசாமல் பூட்ஸைக் கழற்றும் மனுஷனின் குரல். எனக்குப் பிடித்திருக்கிறது.' மனுஷனா? சரி, கண்ணாடி போடாமல் எழுதியிருப்பார்கள் என்று அடுத்ததைப் பார்த்தாள். 'டிரம்ஸ் அடிப்பவருக்கு யாராவது காப்பி வாங்கிக் கொடுங்கள், பாவம், தூங்கி விழுகிறார். பாடுகிறவர் மட்டும் அருமை.' மூன்றாவது சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தது. 'என் மகனுக்கு நாலு மாதம். என்ன செய்தாலும் தூங்கமாட்டான். ஹெட்போனை அவன் காதருகே பிடித்தேன், இந்த ஆளின் குரல் கேட்டதும் தூங்கிவிட்டான். ரெக்கார்டை வாங்கிக்கொண்டு போகிறேன். அவருக்கு என் நன்றி. பெவர்லி.'

"எந்த ஆளு?" என்றாள் மார்னி, வாய்விட்டே.

"உங்க பாடகர்தான். அந்தத் தாடிக்காரர்" என்றாள் கோரின், அட்டைப்பெட்டியைக் கத்தியால் கீறிக்கொண்டே. "அட்டைப் படத்துல நடுவுல நிக்கிறாரே, அவர்தானே? சனிக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வந்துடு பொண்ணே. அவரைப் பாக்கணும்னு ஆளாளுக்குக் கேக்கிறாங்க. எழுபது போயிடுச்சு, தெரியுமா? அஞ்சு நாள்ல எழுபது."

மார்னி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஊசி இறங்கியது. யாரோ ஒரு வயதான மனிதர், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைத்து, தூக்கி வைத்துப் பாடினார். வேறு யாருடைய ரெக்கார்டையோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். பிறகு இரண்டாவது வரிக்கு முன்னால் அந்த மூச்சு வந்தது. அது அவளுடைய மூச்சு. எடுத்தவுடன் தடுக்கி, பிறகு இழுக்கும் மூச்சு, ஓவன் எத்தனையோ தடவை கிண்டல் செய்த மூச்சு. பிளேயரின் வேகக் குமிழைப் பார்த்தாள். முப்பத்து மூன்றில் இருந்தது.

பெரிய ரெக்கார்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று சுற்றவேண்டும், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் நாற்பத்தைந்து சுற்றில் பதிந்தால் ஓசை இன்னும் துல்லியமாக இருக்கும் என்று ஓவன் அடித்துச் சொன்னதால் இவர்கள் அப்படிப் பதிந்தார்கள். அப்படிப் பதிந்தால் தட்டின் நடுவில் இருக்கும் வட்டக் காகிதத்தில் நாற்பத்தைந்து என்று அச்சடிக்கவேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகச் சுற்றி, பெண் குரல்கூடக் கனத்து ஆண் குரலாகிவிடும். மார்னி குனிந்து பார்த்தாள். வட்டத்தில் கொடியில் தொங்கும் ஒற்றைக் கையுறை மட்டும் இருந்தது, அவளே வரைந்தது. அவளுக்கு அப்போதே நினைவு வந்துவிட்டது. அச்சுக்குப் போகுமுன் ஓவன் காட்டினான், கையுறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்பத்தைந்து இருந்தது. "கையுறை சைஸ் மாதிரி இருக்கு, அசிங்கமா. எடுத்துடு" என்று சொன்னவள் இதே மார்னிதான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

"தட்டுல ஒண்ணும் எழுதலையே" என்றாள் கோரின், விஷயம் புரிந்ததும். முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன கனவா கண்டேன்? வாங்கிட்டுப் போனவங்களும் அப்படித்தான் போட்டிருப்பாங்க. சரி விடு, அப்ப பாடுறது யாரு?"

"நான்" என்றாள் மார்னி. அவ்வளவு சின்னக் குரலில் சொன்னாள், கோரின் இரண்டாவது தடவை கேட்கவேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் டெல் வீட்டுச் சமையலறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். டெல் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன், ஆள் கதவு அகலம் இருப்பான், அட்டைப் படத்தில் நடுவில் நிற்கும் தாடிக்காரன் அவன்தான். மூன்று வருடத்துக்கு முன் வண்டி நிறுத்தும் கொட்டகையில், பிள்ளைகளை இறக்கிவிட்ட காலிப் பேருந்துக்குள் மார்னி தனியாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டவன் அவன்தான். கேட்டுவிட்டுப் பேருந்துக் கண்ணாடியைத் தட்டி, "இன்னொரு தடவை பாடு" என்றான். குழு பிறந்த கதை அவ்வளவுதான்.

"அதானா விஷயம்" என்று டெல் தலையில் கைவைத்தான். "மளிகைக் கடையில ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுடுச்சு. பாட்டு நெஞ்சைத் தொட்டுடுச்சாம். எனக்கு ஒண்ணும் புரியல, தேங்க்ஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன். நான் குளிக்கும்போதுகூட பாடினதில்லடா."

ஓவன் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். "கோவிச்சுக்காதீங்க, நான் ஒண்ணு சொல்றேன். அப்படியே விட்டுடலாமே? எழுபது போயிருக்கு மார்னி. ஊருக்கு அது பிடிச்சிருக்கு. இணையத்துல போடும்போதும் மெதுவாவே போடுவோம். வேணும்னே பண்ணினதுன்னு சொல்லிக்கலாம். உன் குரல்தானே அது? கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்வளவுதான்."

"வெட்கமா இல்ல உனக்கு?" என்றான் டெல்.

"அவளைக் கேளு. அவ சொல்லட்டும்."

மார்னிக்கு ஆசை வந்தது என்பதுதான் உண்மை, மறைப்பானேன். சனிக்கிழமை போகவே வேண்டாம். அந்தக் கிழவரே பாடிக்கொண்டிருக்கட்டும். ஊரும் சந்தோஷமாக இருக்கும், அவளும் பேருந்தை ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவள் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"பதினோரு வயசுல கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவுல இருந்தேன். டீச்சர் என் பக்கத்துல வந்து குனிஞ்சு, 'நீ வாயை மட்டும் அசை, மார்னி'ன்னு சொன்னாங்க. என் குரல் கீச்சுன்னு தனியாக் கேக்குதாம். அன்னிக்கு ஒன்பது பாட்டுக்கும் வாயை மட்டும் அசைச்சேன். முடிஞ்சதும் எங்கம்மா ஓடி வந்து கட்டிப் பிடிச்சு, 'எவ்வளவு நல்லாப் பாடினே, எனக்கு உன் குரல் தனியாக் கேட்டுது'ன்னு சொன்னாங்க. நான் தேங்க்ஸ்மான்னு சொன்னேன். அதுக்கப்புறம் பத்தொன்பது வருஷம், டெல் வந்து பஸ் கண்ணாடியைத் தட்டுற வரைக்கும், ஆளே இல்லாத இடத்துலதான் பாடினேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த மாதிரிப் பாராட்டை இன்னொரு தடவை வாங்கிக்க என்னால முடியாதுடா. பிடிக்கலைன்னு சொல்லட்டும். என்னைக் கேட்டுட்டுச் சொல்லட்டும்."

ஓவன் தாளம் போடுவதை நிறுத்தினான். "மன்னிச்சுடு" என்றான்.

வெள்ளிக்கிழமை முழுக்க மிச்சமிருந்த ரெக்கார்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கையுறைக்குப் பக்கத்தில் பேனாவால் 45 என்று எழுதினார்கள். நிஜமாகவே கையுறை சைஸ் மாதிரிதான் இருந்தது. டெல்லின் எழுத்து கோழி கிளறியது போல இருந்ததால் பாதியில் அவனிடமிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் முப்பது பேர் இருந்தார்கள். கோரின் காப்பி போட்டு, ஏலக்காய் ரொட்டி அறுத்து வைத்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் டெல்லையே பார்த்தார்கள். ஒருவர் அவன் தோளில் தட்டக்கூடச் செய்தார். டெல் நெளிந்தான். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு நின்றாள், குழந்தை அசந்து தூங்கியது. பெவர்லி அவள்தான் என்று கோரின் காதோடு சொன்னாள். மார்னிக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஓடவில்லை. கல்லாப் பக்கம் போய் நின்றாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நீங்க பாக்க வந்த மாதிரி ஒரு ஆளே கிடையாது" என்றாள். "டெல்லுக்குப் பாட வராது. பாடுனது நான். ரெக்கார்டை நாற்பத்தஞ்சுல போடணும். அதை எழுதியிருந்தாங்க, அழகைக் கெடுக்குதுன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க கேட்டது எல்லாமே என் தப்பாலதான். வேண்டாம்னா ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க. ஆனா ஒரு தடவை சரியாக் கேட்டுட்டுக் கொடுங்க."

 பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், அது கடை முழுக்கப் பரவியது. கோரின் குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பி, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

மார்னியின் குரல் வந்தது. மெல்லிய குரல், மேலே போகும்போது லேசாக நடுங்கும். டெல்லின் டிரம்ஸ் தூக்கம் கலைந்து நடந்தது. மார்னி யார் முகத்தையும் பார்க்காமல் தரையில் உருகிக் கிடந்த பனித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு முடிந்ததும், சிவப்புக் குல்லாய் போட்ட ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு அந்த ஆளைத்தான் பிடிச்சிருந்துது" என்றார். "தப்பா எடுத்துக்காதம்மா. என் ரெக்கார்டுல மட்டும் எழுதாதே. நான் பழைய மாதிரியே போட்டுக்கறேன்."

"சரிங்க" என்றாள் மார்னி. கன்னம் சுட்டது. ஆனால் இந்த முறை அவர் அவளைக் கேட்டுவிட்டுச் சொன்னார், அதனால் அது தாங்கக்கூடியதாக இருந்தது.

இரண்டாவது பாட்டு பாதி போகும்போது குழந்தை விழித்துக்கொண்டது. எல்லோரும் பெவர்லியைப் பார்த்தார்கள், போச்சு என்று மார்னி நினைத்தாள். கோரின் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினாள்.

"குறைக்காதீங்க" என்றாள் பெவர்லி, மெதுவாக. "அவன் அழல."

அழவில்லைதான். துணிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, ஸ்பீக்கரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. பாட்டு முடியும் வரைக்கும் அப்படியே இருந்தான். முடிந்து கோரின் ஊசியைத் தூக்கியபோதுதான் முகம் கோணியது, உதடு பிதுங்கியது. கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மார்னி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். அந்தப் பாட்டின் கடைசி அடியை, இருந்த இடத்திலிருந்தே, முப்பது பேருக்கு நடுவில் பாடினாள். மூச்சு தடுக்கியது, குரல் நடுங்கியது, நிறுத்தவில்லை. குழந்தை ஸ்பீக்கரை விட்டுத் தலையைத் திருப்பினான். அங்கே ஒரு முகம், இங்கே ஒரு முகம் என்று தேடி, அவள்மேல் வந்து நின்றான். பிறகு ஈறு தெரியச் சிரித்தான். டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஓவன் பார்த்தான், ஆனால் கிண்டல் செய்யவில்லை.

எல்லோரும் கிளம்பும்போது கோரின் வழக்கம்போல் வாசலில் பென்சிலோடு நின்றாள். பெவர்லி குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கல்லாமேல் சீட்டை வைத்து எழுதினாள். எழுதியதை யாரிடமும் காட்டாமல் நேரே மார்னியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மார்னி ஜன்னல் பக்கம் போய்ப் படித்தாள்.

'முன்பு தூங்கினான். இப்போது விழித்திருந்து கேட்கிறான்.'

"அதைப் பலகைல குத்தணும் பொண்ணே" என்றாள் கோரின். "கடை வழக்கம்."

மார்னி சீட்டை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.