டியூக்குக்கு உள்ளே பென்னி

ஆர்டித் வளர்த்த கிங் ஸ்நேக் விழுங்கிய மில்க் ஸ்நேக், தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் வாய்வழியே வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போனது. கேன்சஸில் ஏப்ரல் கடைசியில் காலம் தவறிப் பனி கொட்டிய வாரத்தில் இது ஆரம்பித்தது. விழுங்கியது டியூக், கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளிக்காரன். விழுங்கப்பட்டது பென்னி, சிவப்புப் பட்டைக்காரி, அக்கா டெல்ஃபாவின் செல்லம். பென்னியை ஆண் பாம்போடு சேர்த்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இடுப்பு ஆபரேஷனுக்கு விச்சிட்டா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது டெல்ஃபா ஒன்றுதான் சொன்னாள்: "டியூக் பாம்பையே திங்கிற சாதிடி. வயிறு ரொம்பியிருந்தாலும் பக்கத்துல எதையும் விட்டுறாத."

இரண்டாம் நாள் பென்னியின் கண்ணாடிப் பெட்டியில் சூடேற்றி நின்றுபோனது. குளிரில் செத்துவிடுவாளோ என்று பயந்த ஆர்டித், டியூக்குக்கு இரண்டு எலி கொடுத்து, ஒரு மணி நேரம் பொறுத்து, பென்னியை அவன் பெட்டியில் விட்டாள். காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் வால்நுனிதான் மிச்சம்.

மறுநாள் பன்னிரண்டுக்கு பென்னி வெளியே வந்ததும் பிடித்து வேறு பெட்டியில் போட்டாள். பென்னி மூக்கில் ரத்தம் வரும்வரை கண்ணாடியில் முட்டினாள். டியூக் திறந்த வாயை மூடவே இல்லை. சாயங்காலம் வேறு வழியில்லாமல் ஆர்டித் அவளை டியூக்கிடமே திரும்ப விட்டாள். அதன்பின் தினமும் பதினோரு மணிக்கே பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இன்று வராமல் போய்விட்டால் என்ற நினைப்புதான். டெல்ஃபா போனில் பென்னியை விசாரித்தபோது, "சூடா இருக்கா அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் டெல்ஃபா வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து காலிப் பெட்டியைப் பார்த்தாள். ஆர்டித் டியூக்கைக் காட்டினாள்.

"உன்ன நம்பிட்டுப் போனேன் பாரு."

"பன்னெண்டு வரைக்கும் பொறு அக்கா."

பன்னிரண்டு அடித்தது. ஐந்து நிமிடம் போனது. டெல்ஃபா எழப்போகும்போது டியூக் வாயைத் திறந்தான். வெளியே வந்தவளைக் கையில் எடுத்து, வயிற்றை விரலால் தடவிப் பார்த்த டெல்ஃபா, "வயித்துல முட்டை வச்சிருக்காடி, சூட்டுலயே இருக்கட்டும்" என்றாள். பிறகு அவளே டியூக்கின் வாயருகே கொண்டுபோய் விட்டாள்.

ஜூனில் பென்னி வெளியே வந்து ஈரப் பாசியில் ஏழு முட்டை இட்டுவிட்டு உள்ளே போனாள். பொரிந்து வந்த குட்டிகளை ஏழு தனிப் பெட்டிகளில் வைத்தார்கள். அடுத்த பதினொரு வருஷமும் அப்படித்தான். குட்டி வாங்க வருகிறவர்கள் தாய்ப்பாம்பைக் காட்டச் சொன்னால், "உள்ள இருக்கா, பன்னெண்டுக்கு வருவா" என்று டெல்ஃபா நாற்காலி போடுவாள். அவர்களும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.